வெட்டோடைப் பாலத்தில் ஒரு கல் குறைவு

வெட்டோடைப் பாலத்தில் நடந்திருக்கிறீர்களா? நடந்திருந்தால், நட்டநடுவில் ஒரு கல் மட்டும் இல்லாமல், ஒரு குழந்தை தாண்டுகிற அகலத்துக்கு வெறும் இடமாய் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கல் இப்போது எங்கே இருக்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். ஆலங்கால்காரர்களுக்கு அந்தக் கதையைப் பாதியிலிருந்து சொல்லத் தெரியாது, முதலிலிருந்து சொன்னால் கேட்கிறவருக்குப் பஸ் போய்விடும், அதனால் வெளியூர் ஆள் யார் கேட்டாலும் "தாண்டிப் போங்க, ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். உங்களைப் பார்த்தால் பஸ்ஸுக்கு ஓடுகிற ஆளாய்த் தெரியவில்லை. உட்காருங்கள், சொல்கிறேன்.

மலையடிவாரத்தில் வெட்டோடைக்கு இந்தப் பக்கம் ஆலங்கால் இருக்கிறது, கோயிலைத் தவிர ஊருக்கு வேண்டிய மற்றவையெல்லாம் அந்தப் பக்கம் இருக்கின்றன. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், ரேஷன் கடை அந்தப் பக்கம், பஸ் வந்து திரும்புகிற வேப்பமரம் அந்தப் பக்கம். கோடையில் ஓடைக்குள் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஓடை என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். ஐப்பசி பிறந்து மலைமேல் கறுத்துவிட்டால் போதும், சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் வந்து இறங்கி, ஆட்டையும் ஸ்டம்பையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போகும், பிள்ளைகளுக்குத் தண்ணீர் வடிகிறவரை லீவு. பாலம் கேட்டு மனு கொடுக்காத வருஷம் கிடையாது. மனு கொடுத்தால் இரண்டு பேர் வந்து டேப் பிடித்து ஓடையின் அகலத்தை அளந்துவிட்டுப் போவார்கள், அடுத்த வருஷம் வேறு இரண்டு பேர் வந்து அளப்பார்கள், ஓடையும் பாவம், எத்தனை தடவை அளந்தாலும் அதே அகலத்தில்தான் இருந்தது.

அந்த ஊரில் மாரிச்செல்வி என்று ஒருத்தி. அவள் புருஷன் வேல்சாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், மகள் தன்ஷிகா ஒன்றாம் வகுப்பு. மாரிச்செல்வி சிரித்தால் மூன்றாவது வீட்டுக் கோழி மேய்வதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு சிரிப்பு. அவளுக்கு வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் வேலை, அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. சம்பளமில்லாமல் அவள் பார்த்த இன்னொரு வேலைக்குப் பெயர் உழக்கு.

உழக்கு ஒரு புரோகிராம். செண்டை ஏக்கராக்கி, ஏக்கரை ஹெக்டேராக்கி, பவுனைக் கிராமாக்கி, எந்த அளவைக் கொடுத்தாலும் கேட்ட அளவாய் மாற்றித் தரும், அவ்வளவுதான். காலேஜில் படிக்கும்போது அப்பாவின் நிலக் கணக்குக்காக எழுதியதை அவள் ஊர்ப் பொதுக்குழாய் மாதிரித் திறந்து வைத்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம், காசு கிடையாது, உள்ளே எப்படி ஓடுகிறது என்று திறந்து பார்க்கலாம், ஒழுகினால் நாமே அடைக்கலாம். பிடித்துக்கொள்ள உலகமே வந்தது, ரொட்டி சுடுகிறவர்கள் வந்தார்கள், கப்பல் ஓட்டுகிறவர்கள் வந்தார்கள், நட்சத்திரத்தின் தூரம் அளக்கிறவர்கள்கூட வந்தார்கள். ஒழுகுகிறபோது அடைக்க மட்டும் மாரிச்செல்வியும், அவளைப்போல எங்கெங்கோ உட்கார்ந்திருந்த முகம் தெரியாத நாலைந்து பேரும்தான் மிஞ்சினார்கள். அதில் அவளுக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. பொதுக்குழாய் என்றால் அப்படித்தானே.

ஆனால் ஒரு பாரம் இருந்தது. உழக்கு எழுதப்பட்ட கம்ப்யூட்டர் மொழிக்கு ரெண்டாவது வெர்ஷன், மூணாவது வெர்ஷன் என்று இரண்டு உண்டு. பின்னாளில் ஊரே ரெண்டு, மூணு என்று அவற்றை ஆள் பெயர் மாதிரிச் சொன்னது, நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். மூணு வந்து வெகுகாலம் ஆகியும் ரெண்டை விடாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக மாரிச்செல்வி உழக்கில் எல்லாவற்றையும் இரண்டு விதமாய் எழுதி வைத்திருந்தாள், ரெண்டு என்றால் இப்படிச் செய், மூணு என்றால் அப்படிச் செய் என்று. அடுப்படியில் வேல்சாமிக்குக் காரமாய் ஒரு குழம்பு, தன்ஷிகாவுக்குக் காரமில்லாமல் ஒரு குழம்பு, கம்ப்யூட்டரிலும் அதே மாதிரி ரெண்டுக்கு ஒன்று, மூணுக்கு ஒன்று. மொழியை உண்டாக்கினவர்களே ரெண்டைக் கைவிட்டு நாளாகிவிட்டது. உழக்கைப் போன்ற பொதுக்குழாய்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய், "இனி எங்களிடம் ரெண்டுக்கு இடமில்லை, மூணுக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே வந்தன. உழக்கும் ஒரு வருஷம் முன்கூட்டியே சொல்லி வைத்தது, புரட்டாசி கடைசியோடு சரி என்று.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, தன்ஷிகாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, மாரிச்செல்வி ரெண்டுக்கென்று எழுதியிருந்ததில் முதல் துண்டை அழித்தாள். அழித்த கையோடு முற்றத்தில் தொப்பென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு கருங்கல். ஆற்றில் காலகாலமாய் உருண்டது போல வழவழவென்று, ஆனால் மேலும் கீழும் தட்டையாய், தொட்டால் சோற்றுப்பானை மூடியைப் போல வெதுவெதுப்பாய் இருந்தது. அவள் வானத்தைப் பார்த்தாள், அங்கே ஒரு காக்கைதான் போய்க்கொண்டிருந்தது. உலை பொங்குகிற சத்தம் கேட்டதும் உள்ளே போய்விட்டாள். சோற்றை வடித்துவிட்டு வந்து இன்னொரு துண்டை அழித்தாள். இன்னொரு கல் விழுந்தது. சின்னத் துண்டுக்குச் சின்னக் கல், பெரிய துண்டுக்குப் பெரிய கல். "அப்போ இத்தனை நாளும் இதைத்தான் நான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேனா?" என்று தோளைத் தடவிக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது வீட்டுக் கோழி திரும்பிப் பார்த்தது.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கல்லைப் பார்த்து யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, தூக்கிப் பார்த்தார்கள். ஒருத்தி துணி துவைக்க ஒன்று கேட்டாள், ஒருத்தி தகரக் கூரைமேல் பாரம் வைக்க நாலு கேட்டாள், இன்னொருத்தி, வெதுவெதுப்பாய் இருப்பதால் மழைநாளில் இட்லி மாவு புளிக்க வசதியாயிருக்கும் என்று பானைக்குப் பக்கத்தில் வைக்க ஒன்று எடுத்துப்போனாள். வேல்சாமி இரண்டை எடுத்து ஆட்டோவின் பின்சக்கரத்துக்கு அடை கொடுத்தான். மறுநாள் மாரிச்செல்வி அவசரத்தில் அழிக்கக்கூடாத ஒரு துண்டை அழித்துவிட்டு, ஐயையோ என்று திரும்ப எழுதினாள். அந்தக் கணமே சக்கரத்தின் அடியிலிருந்த கல் காணாமல் போய், லோடு ஆட்டோ தானாய்ப் பின்னால் உருண்டுபோய் முருங்கைமரத்தில் முட்டி நின்றது.

"ஏட்டி, நீ கம்ப்யூட்டர்ல எழுதுனா என் வண்டி ஏன் மரத்துல ஏறுது?" என்று வேல்சாமி கத்தினான்.

"ஹேண்ட் பிரேக் போடாதவருக்குக் கல்லு மேல என்ன கோவம்?" என்றாள் மாரிச்செல்வி உள்ளேயிருந்து.

இப்படியாக, அழித்தால் கல் வரும், திரும்ப எழுதினால் அந்தக் கல் எங்கிருந்தாலும் போய்விடும் என்று ஊர் தெரிந்துகொண்டது.

ஊராட்சித் தலைவர் செண்பகவல்லி வந்தாள். வேல்சாமிக்குப் பெரியப்பா மகள், அதனால் மாரிச்செல்விக்கு மைனி. முற்றத்தில் குவிந்திருந்த கற்களைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், ஒரு கல்லின்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தாள்.

"ஏட்டி மாரி, இன்னும் எவ்வளவு அழிக்கக் கெடக்கு?"

"நெறைய கெடக்கு மைனி. ரெண்டுக்குன்னு எழுதுனது எல்லாம் போகணும்லா."

"அப்போ எவளும் மாவுச்சட்டிக்கு எடுக்கப்பிடாது. எடுத்ததையும் கொண்டாரச் சொல்லு. இது பாலத்துக்கு."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாளே கொத்தனார் சுடலைமுத்து ஓடையில் இறங்கிக் கயிறு கட்டிவிட்டார். ஊரில் பாதி வீடு அவர் கட்டினது, மீதி வீட்டில் குறை சொல்கிறதும் அவர்தான். காலையில் மாரிச்செல்வி அழிப்பாள், மத்தியானம் வேல்சாமி ஆட்டோவில் ஏற்றுவான், சாயங்காலம் ஓடையில் கற்கள் ஒன்றோடொன்று உட்காரும். அந்தக் கற்களுக்குச் சிமெண்ட் அதிகம் தேவைப்படவில்லை, ஒரே கையெழுத்தில் எழுதினவை அல்லவா, பக்கத்தில் வைத்ததும் தானாய்ப் பொருந்தின. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "யக்கா, இன்னைக்கு என்ன அழிச்சிய?" என்று கேட்பார்கள். கொத்தனாரும் வருவார்.

"தாயி, நாளைக்கு ஒரு முழ நீளத்துல, கொஞ்சம் சப்பட்டையா நாலு அழிச்சுக் குடு."

"மாமா, இது என்ன இட்லித் தட்டா, கேட்ட சைஸ்ல எடுத்துத் தர?"

ஆனால் தேடிப் பார்த்து, தோதாய் இருக்கிறதைத்தான் அழிப்பாள்.

எல்லாவற்றிலும் பெரிய துண்டு ஒன்று இருந்தது. ரெண்டுக்கு ஒரு வழக்கம் உண்டு, ஏழை இரண்டாய் வகுக்கச் சொன்னால் மூன்று என்று சொல்லிவிட்டு அரையை விழுங்கிவிடும். மூணு ஒழுங்காய் மூன்றரை என்று சொல்லும். ரெண்டு அரையை விழுங்காமல் இருக்க, உழக்கின் ஒவ்வொரு வாசலிலும் மாரிச்செல்வி ஒரு காவல் போட்டிருந்தாள். அந்தக் காவலை எடுத்தபோது முற்றத்தில் பலகை பலகையாய் ஏழு கற்கள் விழுந்தன, ஒவ்வொன்றையும் தூக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது. கொத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதுதான் நடுப்பாலம்" என்றார்.

புரட்டாசி கடைசியில் பாலம் முடிந்தது. முடிந்த அன்று செண்பகவல்லி ஒரு விஷயம் சொன்னாள். "இத்தனை வருசம் உலகம் பூரா ஒழைச்ச ஆளு இன்னையோட வேலைய விட்டுப் போறான். சும்மா அனுப்புனா நல்லாவா இருக்கு?" ஆலங்காலில் வாத்தியாரோ, லைன்மேனோ, கண்டக்டரோ, யார் ரிட்டையர் ஆனாலும் சால்வை போட்டு, மேளம் அடித்து, பூ சுற்றின காரில் வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் வழக்கம். ரெண்டுக்கும் அதுவே என்று முடிவாகி, பிளக்ஸ் அடிக்கிற சுயம்புவிடம் சொன்னார்கள்.

"போட்டோ குடுங்க" என்றார் சுயம்பு.

"ரெண்டுக்கு ஏது அண்ணாச்சி போட்டோ? அது ஒரு கம்ப்யூட்டர் மொழி" என்றாள் மாரிச்செல்வி.

"மூஞ்சி இல்லாம நான் இதுவரைக்கும் பிளக்ஸ் அடிச்சதே இல்ல தாயி. காதுகுத்துன்னாலும் காது மட்டுமா போடுதோம்?"

கடைசியில் அவர் தன் கம்ப்யூட்டரிலிருந்து, யாரோ எவரோ, பெரிய மீசையும் வெள்ளைச் சட்டையுமாய்ச் சிரித்துக்கொண்டிருந்த ஓர் ஆளை எடுத்துப் போட்டுவிட்டார். "பணி நிறைவு பாராட்டு விழா. நாயகர்: திரு. ரெண்டு அவர்கள்" என்று அந்த மீசைக்காரர் பாலத்து முனையில் கைகூப்பி நின்றார். சால்வையை பிளக்ஸுக்கே போட்டார்கள். மேளம் அடித்தது, கேசரி கொடுத்தார்கள், லோடு ஆட்டோவில் பூ சுற்றி, பிளக்ஸை ஏற்றி, பாலத்தின்மேல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொண்டுபோய் வந்தார்கள். அதற்கப்புறம் ரெண்டு என்றாலே ஊருக்கு அந்த மீசைதான் ஞாபகம் வந்தது. "ரெண்டு அண்ணாச்சி நல்ல மனுசன், பாலத்தக் குடுத்துட்டுப் போனாரு" என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லின.

ஐப்பசி பிறந்து முதல் தூறல் போட்ட வாரம், மாரிச்செல்விக்கு ஒரு செய்தி வந்தது. எழுதினவள் பெயர் தாமார். எங்கேயோ பனிமலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரே ஆள் அவள். அன்றே வீடியோவில் பேசிக்கொண்டார்கள். தாமாரின் இடுப்பில் இன்னும் நடக்காத ஒரு பெண் குழந்தை, மாரிச்செல்வியின் முதுகில் தன்ஷிகா. இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் சொந்த மொழி இல்லை, அதனால் ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்கு நன்றாய்ப் புரிந்தது.

பிறந்த குழந்தைகளுக்கு எடைக்குத் தகுந்தபடி மருந்து கணக்குப் போடுகிற புரோகிராம் ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் ஓடியது. அது ரெண்டில் எழுதினது, உள்ளே உழக்கு இருந்தது. உழக்கு புதிசானதும் அங்கேயும் புதிசு போய் உட்கார்ந்துவிட்டது, ஆனால் காவல் போய்விட்டதல்லவா, ரெண்டு மறுபடி அரையை விழுங்க ஆரம்பித்துவிட்டது. நர்ஸுகள் எதையும் கையால் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறவர்கள், அதனால் ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழைய உழக்குக்கே திரும்பலாம் என்றால், புதிதாய் வந்த எடைமேடைக்குப் பழைய உழக்கோடு பேசத் தெரியாது.

"நீங்கள் ஒரு வருஷம் முன்னாலேயே சொன்னீர்கள். எனக்குத் தெரியும்" என்றாள் தாமார். "ஆனால் நான் ஒருத்திதான். இவளைப் பெற்றுக்கொண்டு திரும்பி வருவதற்குள் வருஷம் போய்விட்டது. நர்ஸுகள் களைத்திருக்கிறார்கள். கையால் போடுகிற கணக்கு ஒரு நாள் தப்பிவிடும். நான் மூணுக்கு மாறுகிறவரை அந்தக் காவலை மட்டும் திரும்ப வைக்க முடியுமா?"

ஊரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள் மாரிச்செல்வி. அன்றைக்கு அவள் சிரிக்காமல் இருந்ததைக் கோழிகூடக் கவனித்தது. காவலைத் திரும்ப எழுதினால் நடுப்பாலத்தின் ஏழு கல்லும் போய்விடும். மலைமேல் கறுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பாலத்து முனையில், மீசைக்காரர் பிளக்ஸின் அடியில் ஊர் கூடியது. மாரிச்செல்வி எல்லாவற்றையும் சொன்னாள்.

"எந்த ஊரு அது?" என்று ஒருவர் கேட்டார்.

"பனி பெய்யுத ஊரு."

"அங்க பொறந்த புள்ள எவ்வளவு எடை இருக்கும்?"

"நம்ம புள்ளைய மாதிரிதான், ரெண்டரை, மூணு கிலோ."

"அந்த அரையத்தான் முழுங்குதானா இவன்?" என்று ஒருத்தி பிளக்ஸைப் பார்த்துக் கையை நீட்டினாள். "சால்வை போட்டோமேடா உனக்கு!"

"சும்மா குடுத்த பொருளுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு? காசா வாங்குனோம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

செண்பகவல்லி திரும்பினாள். "பொதுக்குழாயில தண்ணி புடிக்க வந்தவள, காசு குடுத்தியான்னு கேட்டு எவனாவது வெரட்டுவானால? கொத்தனாரே, நீரு சொல்லும். கல்ல வச்சவரு நீரு."

சுடலைமுத்து பாலத்தைப் பார்த்தார். ஒவ்வொரு கல்லையும் அவர் தன் கையால் தட்டி உட்கார வைத்திருந்தார். "எடுத்துக்கிடச் சொல்லு" என்றார். "அங்க பாலம் இல்லாம ஒரு புள்ள நிக்கி. இங்க பாலம் இல்லாம நம்ம புள்ளைய நின்னு பழகுனதுதான, நாங்க தூக்கி விட்டுக்கிடுதோம். ஆனா ஒண்ணு, தாயி. களவு போன மாதிரிக் கல்லு போகப்பிடாது. நாங்க எல்லாரும் நின்னு அனுப்பி வைக்கோம்."

அப்படியே செய்தார்கள். ஏழு கல்லுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறபோது கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றின்மேலும் ஒரு வெற்றிலை பாக்கு வைத்தார்கள், ஓடையின் இரண்டு பக்கமும் ஊரே நின்றது. மாரிச்செல்வி மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காவலைத் திரும்ப எழுதினாள். ஒவ்வொரு வாசலாய்க் காவல் ஏறஏற, ஒவ்வொரு கல்லாய்ச் சத்தமில்லாமல் போனது. வெற்றிலைகள் மட்டும் தண்ணீரில் விழுந்து மிதந்து போயின. சுயம்பு ஏணி போட்டு ஏறி, பணி நிறைவு என்கிற எழுத்தின்மேல் "பணி நீட்டிப்பு" என்று ஒரு தாளை ஒட்டினார். கவர்மெண்ட் உத்தியோகத்தில் நடக்காததா.

அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பாலம் இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாய் நிற்க, நடு இடைவெளியில் வேல்சாமியும் கொத்தனாரும் இன்னும் சில ஆண்களும் இடுப்புத் தண்ணீரில் வரிசையாய் நின்று, காலையும் சாயங்காலமும் பிள்ளைகளைக் கைக்குக் கை மாற்றினார்கள். லீவு விட்டிருக்கலாம், ஆனால் அந்த வருஷம் ஊருக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது, இத்தனை தூரம் பாலம் கட்டின ஊர் லீவு விடுவதா என்று. தன்ஷிகா அப்பாவின் கையிலிருந்து கொத்தனாரின் கைக்குப் போகும்போது, "தாத்தா, அந்த ஊருப் பாப்பாக்கு மருந்து குடுத்தாச்சா?" என்று தினமும் கேட்பாள். "இன்னைக்குக் குடுத்தாச்சு கண்ணு" என்று அவரும் தினமும் சொல்வார்.

மாரிச்செல்விக்கு அந்த நாட்களில் அடுப்புப் பற்றவைக்கிற வேலையே இல்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சாப்பாடு வருகிற மாதிரி, ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வந்தது, காரமாய் ஒன்று, காரமில்லாமல் ஒன்று. கோயில் மைக்செட்காரர் தாமாகவே பாட்டை நிறுத்தினார், அவர் பாட்டை நிறுத்தி ஊர் பார்த்ததே கிடையாது. இங்கே அவளும் அங்கே தாமாரும், மடியில் பிள்ளைகளோடு, அந்த ஆஸ்பத்திரிப் புரோகிராமை வரி வரியாய் ரெண்டிலிருந்து மூணுக்கு ஏற்றினார்கள். உழக்கைப் பார்த்துக்கொள்கிற முகம் தெரியாத அந்த நாலைந்து பேரும் வந்து, ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். நடுநடுவே குழந்தைக்குப் பல் முளைக்கிற பேச்சு, பால் குடிக்க மறுக்கிற பேச்சு, பனியில் துணி காயாத பேச்சு.

"இங்கேயும் மழையில காயல" என்றாள் மாரிச்செல்வி.

"நீங்கள் எங்களுக்காக ஒரு பாலத்தைப் பிரித்துவிட்டீர்கள் என்று உங்கள் மகள் சொல்கிறாள். விளையாட்டுக்குத்தானே?" என்று தாமார் ஒரு நாள் கேட்டாள்.

மாரிச்செல்வி போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள். மழைக்குள் ஆண்கள் வரிசையாய் நின்று, ஒரு சிவப்புக் குடையையும் அதன் கீழ் ஒரு பிள்ளையையும் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று தாமாரின் கையில் வேலை இரண்டு மடங்கு ஓடியது.

தண்ணீர் வேல்சாமியின் நெஞ்சைத் தொட்ட அன்று, இனி நாளைக்கு நிற்க முடியாது என்று ஆண்கள் சொல்லிவிட்ட அன்று, மத்தியானம் தாமார் கூப்பிட்டாள். அவள் பின்னால் நாலு நர்ஸுகள் நின்றார்கள். புரோகிராம் முழுசாய் மூணில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் ஏழை இரண்டாய் வகுக்கச் சொன்னாள், மூன்றரை என்றது. பழைய நாட்களின் எடையையெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள், கையால் போட்ட கணக்கும் அதுவும் எல்லா இடத்திலும் ஒத்துப்போயின.

"இனி எங்களுக்குக் காவல் வேண்டாம்" என்றாள் தாமார். "நான் பழையதை அழிக்கிறேன். நீங்களும் அழியுங்கள்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அழித்தார்கள். ஆலங்காலில் முற்றத்துச் சேற்றில் பலகைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் இறங்கின, மழைத்துளி பட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி எழும்பியது. மஞ்சள் குங்குமம் அழியாமல் இருந்தது. ஊர் காத்துக்கொண்டேயிருந்திருக்கும் போல, கூப்பிடுவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள், மேளக்காரர் பாலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அடித்தார். ஆறு ஆறு பேராய்க் கல்லைச் சுமந்து, இருட்டுவதற்குள் நடுப்பாலத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆனால் ஆறு கற்கள்தான் இருந்தன. முற்றம், வாய்க்கால், முருங்கையடி, கோழிக்கூடு என்று எங்கே தேடியும் ஏழாவது கிடைக்கவில்லை. நட்டநடுவில் ஒரு கல் அகலத்துக்கு இடைவெளி நின்றது. கொத்தனார் வேறு கல் வெட்டிப் போடுகிறேன் என்றார். அதற்குள் பிள்ளைகள் அதை ஓடிவந்து தாண்டிக்கொண்டிருந்தார்கள், கீழே வெள்ளம் சீறிப்போக, தாண்டுகிற ஒவ்வொரு பிள்ளையும் கூச்சல் போட்டுச் சிரித்தது. "தாத்தா, அடைக்கப்பிடாது!" என்று தன்ஷிகா குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்கு இரண்டாம் தடவை விழா. சுயம்பு ஒட்டின தாளைக் கிழித்து மீசைக்காரருக்கு முறைப்படி ஓய்வு கொடுத்தார். மேற்கேயுள்ள பக்கத்து ஊரிலிருந்து தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பூவோடு ஐந்தாறு பேர் பெண் கேட்க வந்த மாதிரி வந்து நின்றார்கள்.

"ஒண்ணுமில்ல தாயி. எங்க பள்ளிக்கூடத்துக்குச் சுத்துச்சுவர் இல்ல. நீ மூணை எப்ப நிறுத்துவேன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

மாரிச்செல்வி சிரித்த சிரிப்பில் பாலத்தின் அந்தப் பக்கம் நின்றிருந்த கோழியே திரும்பியது. "மூணு இப்பந்தான் வேலைக்குச் சேந்துருக்கான் அண்ணாச்சி, அதுக்குள்ள ரிட்டையரா? நாலு வரட்டும், மொத கல்லு உங்களுக்குத்தான்." செண்பகவல்லி, "எங்க ஊரு கல்லுக்கு வரிசை இருக்கு, பேரைக் குடுத்துட்டுப் போங்க" என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். கோயிலைத் தவிர ஒன்றும் இல்லாதிருந்த ஊருக்கு அன்றைக்குத்தான் அப்படிச் சொல்ல வாய்த்தது.

அப்போது போன் அடித்தது. தாமார். பின்னால் வெள்ளைவெளேரென்று பனி, வீட்டு வாசல், வாசலில் கருகருவென்று ஒரு பலகைக் கல், அதன்மேல் மஞ்சள், குங்குமம். அதைச் சுற்றி மட்டும் பனி உருகி, பச்சைப் புல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்றைக்கு நான் அழித்தபோது விழுந்திருக்கிறது. பனி மூடிவிட்டது, இன்றைக்குத்தான் கண்டேன்" என்றாள் தாமார். "தொட்டால் சூடாயிருக்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு வாய்க்கால் இருக்கிறது, அதன்மேல் போடலாம் என்கிறார்கள். இது உங்களுடையது, நான் திருப்பி அனுப்பட்டுமா?"

மாரிச்செல்வி கொத்தனாரைப் பார்த்தாள். அவர் இடைவெளியைப் பார்த்தார், அதைத் தாண்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். அவர் சொன்னதை மாரிச்செல்வி வரிக்கு வரி இங்கிலீஷில் சொன்னாள்.

"அனுப்ப வேண்டாம் தாயி, அது உங்களுக்கு வந்த கல்லு. குங்குமம் இருக்க பக்கம் மேல. கீழ நல்லா மண்ணத் தட்டி, ஆடாமப் பாத்து உக்கார வைங்க."

தாமார் தலையாட்டினாள். அவள் கால்களைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தை பனியில் தள்ளாடி நின்றது, இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைக்காத குழந்தை. சுடலைமுத்து போனை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். ஊர் முழுக்க அவர் தோளுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றது.

"இன்னும் ஒண்ணு தாயி. பாலத்துல மொதல்ல நடக்கது புள்ளையாத்தான் இருக்கணும். பாப்பா அந்தக் கல்லு மேல நடக்கன்னைக்கு, எந்நேரமா இருந்தாலும் சரி, எங்களைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டுங்க."